பெருமாள் ஊரில் இல்லாத 48 ஆண்டுகள்

திருவரங்கம் பெரிய கோயில் வரலாறு: அத்தியாயம் 12

திருவரங்கம் பெரிய கோயிலின் இரண்டாம் சுற்றில் அர்ஜுன மண்டபம் இருக்கிறது. அதை ஒட்டிச் சிறிய சந்நிதி ஒன்று. உள்ளே கற்சிலை கிடையாது, ஐம்பொன் திருமேனியும் கிடையாது. சுவரில் எழுதிய ஓர் ஓவியம் மட்டுமே. துலுக்க நாச்சியார் என்று அவரை ஊர் அழைக்கிறது. டெல்லி சுல்தானின் மகள், அரங்கன் மேல் கொண்ட அன்பால் இங்கே வந்து சேர்ந்தவர் என்பது கோயில் வழக்கு. அவர் பொருட்டுப் பெருமாளுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்யப்படுகிறது. ஏகாதசி நாள்களில் பெருமாள் அந்த மண்டபத்துக்கு எழுந்தருளும்போது கைலி உடுத்தித் திருமஞ்சனம் நடக்கிறது.

தாயார் சந்நிதிக்குப் போனால் இன்னொன்று கண்ணில் படும். மூலவர் ஒருவர் அல்லர்; முன்னும் பின்னுமாக இருவர் இருக்கிறார்கள். உற்சவர் கதையும் அப்படித்தான். வீதிவலம் வரும் நம்பெருமாளைத் தவிர, ‘திருவரங்க மாளிகையார்’ என்ற பெயரில் இன்னோர் உற்சவத் திருமேனியும் இக்கோயிலில் உண்டு. கிழக்கு வாசலுக்கு வந்தால், வண்ணம் பூசிய கோபுரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

ரொட்டி, இரண்டு தாயார், இரண்டு உற்சவர், ஒரு வெள்ளைக் கோபுரம். பார்வைக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இந்த நான்கையும் கோயில் வழக்கு ஒரே காலத்தோடு சேர்த்துச் சொல்கிறது. 1323 முதல் 1371 வரை, அரங்கத்தில் அரங்கன் இல்லாத காலம் அது.

பொன்னும் பகையும்

சென்ற அத்தியாயத்தில் சடையவர்மன் சுந்தர பாண்டியனைப் பார்த்தோம். 1251-இல் பட்டத்துக்கு வந்தவன். கண்ணனூரை ஆண்ட போசளரை வென்றவன். அந்த வெற்றியின் செல்வத்தை அவன் அரங்கன் காலடியில் கொட்டினான். விமானத்துக்குப் பொன் வேய்ந்தான். ‘பொன் வேய்ந்த பெருமாள்’ என்று பட்டமும் பெற்றான். காவிரியில் ஓடம் நிறுத்தி, யானை மேல் தான் அமர்ந்து, அந்த எடைக்கு எடை பொன் கொடுத்தான் என்று கோயிலொழுகு வருணிக்கிறது. கோயிலின் நிர்வாகக் கதையைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த நூல் அது. கதையில் மிகை இருக்கலாம். ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காவிரித் தீவில் பொன் குவிந்து கிடந்தது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பொன்னைக் காக்க வேண்டிய பாண்டிய அரசு உள்ளுக்குள் உடைந்தது. மாறவர்மன் குலசேகரன் 1310-இல் கொல்லப்பட, அவன் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். மறு ஆண்டே, 1311-இல், அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் தமிழகத்துக்குள் புகுந்தான். வந்தது கொள்ளைக்கு, அள்ளியதை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். கோயில் மெல்ல மூச்சுவிட்டு எழுந்தது. திருநாள்கள் மறுபடி தொடங்கின.

1323-இல் வந்தது வேறு வகைப் படை. கியாசுதீன் துக்ளக்கின் மகன் உலுக்கான், பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று அரியணை ஏறப்போகும் இளவரசன், வாரங்கல்லை வீழ்த்திய கையோடு ஆட்களைத் தெற்கே செலுத்தினான். இந்த முறை நோக்கம் நாட்டைப் பிடித்து ஆள்வது.

நகரக்கூடியவர், நகர முடியாதவர்

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ளக் கோயிலின் அமைப்பை ஒருமுறை மனதில் வரைந்துகொள்ள வேண்டும்.

ஏழு மதில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. நடுவிலிருந்து வெளியே எண்ணினால் தர்மவர்மன் சுற்று, ராஜமகேந்திரன் சுற்று, குலசேகரன் சுற்று, ஆலிநாடன் சுற்று, அகளங்கன் சுற்று, திருவிக்கிரமன் சுற்று, கலியுகராமன் சுற்று. பெயர்களே ஒரு வம்சாவளி. ராஜமகேந்திரன் சோழ இளவரசன். அகளங்கன் என்பது விக்கிரம சோழனின் பட்டப்பெயர். ஆலிநாடன் என்றால் திருமங்கையாழ்வார். கலியுகராமன் ஒரு பாண்டியனின் பட்டப்பெயர் என்று கல்வெட்டு அறிஞர்கள் கொள்வர். வெளிச் சுற்றுகளில்தான் உத்தர வீதியும் சித்திரை வீதியும். வீடும் கடையும் மடமும் அங்கே. 156 ஏக்கரில் விரிந்த இந்த அமைப்பில் ஊருக்குள் கோயில் இருக்கிறதா, கோயிலுக்குள் ஊர் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆரியபடாள் வாசலும் நாழிகேட்டான் வாசலும் கடந்து நடுவே போனால் கருவறை. வெளியே சதுரம், உள்ளே வட்டம். அதன்மேல் முட்டை வடிவில் எழுந்து நிற்கும் பொன் வேய்ந்த பிரணவாகார விமானம். முன்னால் 24 தூண்கள் கொண்ட காயத்ரி மண்டபம். வட்டத்துக்குள் ஆதிசேடன் மேல் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டவர் பெரிய பெருமாள். இந்தத் திருமேனி கல்லால் ஆனதன்று, சுதையால் ஆனது. அதனால்தான் அவருக்கு நீராட்டு கிடையாது, தைலக்காப்பு மட்டும். அவரை அந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது.

அவர் திருவடிப் பக்கம் நிற்பவர் உற்சவர். அன்று அவருக்கு அழகிய மணவாளப் பெருமாள் என்று பெயர். உலோகத் திருமேனி. பல்லக்கில் ஏறுவார், தேரில் ஏறுவார், ஆற்றங்கரைக்குப் போவார். வேண்டுமானால் காட்டு வழியும் போவார்.

வைணவக் கோயில்களில் மூலவர், உற்சவர் என்ற இந்த இரட்டை ஏற்பாடு வழிபாட்டுக்காக வந்தது. 1323-இல் அதுவே கோயிலைக் காத்தது.

திரைக்கு அப்பால்

கோயிலொழுகு சொல்லும் கதை இது. திருநாள் சமயம். பெருமாள் மதில்களை விட்டு வெளியே, கொள்ளிடக்கரைப் பக்கம் பன்றியாழ்வான் சந்நிதிக்கு எழுந்தருளியிருக்கிறார். ஊரே அங்கே கூடியிருக்கிறது. படை தொண்டை மண்டலம் தாண்டிச் சமயபுரம் வழியாக நெருங்கிவிட்டது என்று செய்தி வருகிறது. ஏழு மதிலுக்குள் திரும்ப அவகாசமில்லை. திரும்பினாலும் அந்த மதில்களில் நின்று போரிட ஒரு படை இல்லை.

அப்போது கோயிலின் ஆசாரியராக இருந்தவர் பிள்ளை லோகாசாரியர். ஸ்ரீவசனபூஷணம், முமுக்ஷுப்படி முதலிய நூல்களை எழுதியவர், முதுமையை எட்டியவர். பெருமாளுக்கு முன்னால் திரையைப் போடச் சொன்னார். திரை விழுந்தால் உள்ளே பூசை நடக்கிறது என்று பொருள். கூட்டம் அசையாமல் காத்திருக்கும். அந்தத் திரையின் மறைவில் உற்சவரையும் நாச்சிமாரையும் பல்லக்கில் ஏற்றிச் சிலரோடு தெற்கே புறப்பட்டுவிட்டார். காத்திருந்தவர்கள் மேல் படை பாய்ந்தது. அன்று மாண்டவர்கள் பன்னீராயிரம் பேர் என்று மரபு சொல்கிறது. ‘பன்றியாழ்வான் மேட்டுக் கலகம்’ என்று வைணவ மரபில் அந்த நாளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கோயிலுக்குள் இருந்தவர்கள் வேறு வேலையில் இருந்தார்கள். நகர்த்த முடியாத பெரிய பெருமாளின் முன்னால் கல்லடுக்கி மறைத்தார்கள். இந்தக் கல்திரையை எழுப்பச் செய்தவர் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் என்று மரபு சொல்கிறது. தாயாரை வில்வ மரத்தடியில் மண்ணுக்குள் மறைத்தார்கள். தேசிகருக்கு இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய பேருரை சுருதப்பிரகாசிகை. அதன் சுவடியையும் தம் இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சுதர்சன சூரி மாண்டார். பிணக்குவியலுக்குள் பிணம்போல் கிடந்து, இருட்டிய பின் எழுந்து, சுவடியோடும் சிறுவர்களோடும் மேற்கே நடந்த தேசிகர் சத்தியமங்கலத்தையும் மேல்கோட்டையையும் அடைந்தார் என்பது வரலாறு கலந்த வழக்கு. இன்று வடகலையாரும் தென்கலையாரும் பயிலும் அந்த உரைநூல் பிழைத்த விதம் அது.

லோகாசாரியர் அதிக தூரம் போகவில்லை. மதுரைக்கு அருகே யானைமலைப் பக்கம், சோதிஷ்குடி என்று நூல்கள் சொல்லும் கொடிக்குளத்தில், குகையில் பெருமாளை மறைத்து வைத்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அதற்குப் பின் பல்லக்கைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். அழகர்கோயில், மலையாள நாடு, கோழிக்கோடு, திருக்கணாம்பி, மேல்கோட்டை, கடைசியில் திருமலை. கொடவர் என்ற பிரிவைச் சேர்ந்த மூவர் திருப்பதி மலைச்சரிவில் பெருமாளை ஒளித்து வைத்துக் காட்டிலேயே வாழ்ந்தார்கள், இருவர் இறந்துபோக ஒருவர் மட்டும் கிழவராகிக் காவலிருந்தார் என்று கோயிலொழுகு சொல்கிறது. திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் வரும் ரங்கநாயக மண்டபம், அரங்கன் அங்கே தங்கியிருந்ததை இன்றும் தன் பெயரில் வைத்திருக்கிறது.

ஆளில்லாத மதில்கள்

ஊரில் என்ன நடந்தது?

படையின் தலைவன் கோயிலிலேயே தங்கினான். பின்பு உடல்நலம் கெட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே கண்ணனூருக்கு இருப்பிடத்தை மாற்றிக்கொண்டான். போசளர் தலைநகராக இருந்த அந்த ஊரில் கோட்டை எழுந்தது. அதற்கான கல் திருவரங்கத்தின் வெளிமதில்களைப் பிரித்து எடுத்தது என்று கோயிலொழுகு குறிப்பிடுகிறது. எஞ்சிய கோயில் இடிபடாமல் தப்பியதற்கு அந்த நூல் ஒருவரைக் காரணம் காட்டுகிறது. சிங்கப்பிரான் என்ற கோயில் பணியாளர். படைத்தலைவனிடமே வேலைக்குச் சேர்ந்து, நயமாகப் பேசி, இருந்ததை இருந்தபடி காப்பாற்றினாராம்.

வெள்ளைக் கோபுரத்துக்கு ஊர் சொல்லும் கதை இந்தக் காலத்தைச் சேர்ந்தது. கோயில் தாசி வெள்ளையம்மாள் படைத்தலைவன் ஒருவனை மயக்கிக் கிழக்குக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து அவனைத் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள். அவள் நினைவாகக் கோபுரத்துக்கு வெள்ளை பூசினார்கள். கல்வெட்டில் அவள் பெயர் இல்லை. ஆனால் கோபுரம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு முறை திருப்பணி நடக்கும்போதும் மறுபடி வெள்ளைதான் பூசுகிறார்கள்.

மதுரையில் 1335 வாக்கில் ஜலாலுதீன் அசன்கான் டெல்லியை உதறித் தனிச் சுல்தான் ஆனான். அவனுக்குப் பின் வந்தவர்களோடு மோதியவர் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர். எண்பது வயதில் கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டு, 1342-இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தான் பார்த்ததாக மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். திருவரங்கத்துக்கு ஆற்றைத் தாண்டினால் எட்டிவிடும் தொலைவில் நடந்த போர் அது. வல்லாளர் வென்றிருந்தால் பெருமாள் முப்பது ஆண்டு முன்னதாகவே திரும்பியிருக்கக்கூடும்.

இடையில் எப்போதோ பூசை மெல்லத் தொடங்கியது. உற்சவர் எங்கே என்று யாருக்கும் தெரியாத நிலையில் புதிய உற்சவத் திருமேனி ஒன்றைச் செய்து வைத்தார்கள். தாயாருக்கும் அப்படியே. வில்வ மரத்தடியில் மறைத்தவர்கள் உயிரோடு இல்லை. இடம் தெரிந்தவர் எவரும் இல்லை.

பந்துப்ரியே

1336-இல் விசயநகரம் எழுந்தது. புக்கரின் மகன் குமார கம்பணர் தெற்கே படையெடுத்து முதலில் சம்புவராய மன்னரை அடக்கினார், பிறகு மதுரைச் சுல்தான்களை. அந்தப் படையெடுப்பை அவர் மனைவி கங்காதேவி ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியமாகப் பாடினார். அதன் ஏடு 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. திருவரங்கம் அதில் ஒரு காட்சியாக வருகிறது. செங்கல் உதிர்ந்து அரங்கன் மேல் விழாதபடி ஆதிசேடன் தன் படத்தால் தாங்கிக்கொண்டிருக்கிறானாம். கவிஞர் கற்பனைதான். ஆனால் பராமரிப்பில்லாத சுதைக் கட்டடத்தில் செங்கல் உதிரும் என்பது திருப்பணி செய்தவர்களுக்குத் தெரியும்.

கம்பணரின் தானைத் தலைவர்களில் ஒருவர் கோபணர். செஞ்சிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அந்தணர். திருமலையில் அரங்கன் இருப்பதை அறிந்து, அவரைச் செஞ்சிக்கு எழுந்தருளச் செய்தார். அருகே சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரை உண்டு. பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் அங்கே. ஊர் திரும்பும் வழியில் திருவரங்கத்து உற்சவர், தம்மைப் போலவே அரங்கன் என்று பெயர் கொண்ட அந்தப் பெருமாளோடு தங்கியிருந்தார். கண்ணனூர்க் காவற்படையை வென்ற பின் கோபணர் அவரைத் திருவரங்கத்துக்குக் கொண்டு வந்தார்.

இதற்குச் சான்று கோயிலின் உட்சுற்றுச் சுவரிலேயே இருக்கிறது. இரண்டே வடமொழிச் செய்யுள். 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ள கோயிலில், நீண்ட மெய்க்கீர்த்திகளுக்கும் நிலக்கொடைகளுக்கும் நடுவே எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். கருநிறம் கொண்ட அஞ்சனமலையிலிருந்து, அதாவது திருமலையிலிருந்து, கோபணர் அரங்கனைக் கொண்டுவந்து செஞ்சியில் சில காலம் ஆராதித்ததையும், துலுஷ்கரை, அதாவது துருக்கரை, வென்று திருமகளோடும் நிலமகளோடும் அவரைத் தம் ஊரில் மீண்டும் அமர்த்தியதையும் அது சொல்கிறது.

ஆண்டைச் சொல்லும் விதம்தான் அழகு. எண் எதுவும் இல்லை. ‘பந்துப்ரியே’ என்ற ஒரு சொல் இருக்கிறது. ‘உறவினர்க்கு இனிய’ என்பது அதன் நேர்ப்பொருள். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் ‘ப’ 3, ‘து’ 9, ‘ப்ரி’ 2, ‘யே’ 1. வலமிருந்து இடமாகத் திருப்பிப் படித்தால் 1293. அது சக ஆண்டு. நம் கணக்கில் 1371. அரை நூற்றாண்டு அலைந்தவர் தம் மக்களிடம் திரும்பிய ஆண்டைக் குறிக்க, ‘உறவினர்க்கு இனிய’ என்ற சொல்லே எண்ணாகவும் பொருந்தி வரும்படி அந்தப் புலவர் பார்த்துக்கொண்டார்.

யார் பெருமாள்?

வந்தவரை ஊர் உடனே ஏற்கவில்லை. 48 ஆண்டு என்பது இரண்டு தலைமுறை. பழைய உற்சவரைக் கண்ணால் பார்த்தவர் கிட்டத்தட்ட எவருமில்லை. கருவறையில் ஏற்கெனவே ஒரு பெருமாள் இருக்கிறார். அவருக்குத்தான் இத்தனை நாளும் பூசை. இப்போது மலையிலிருந்து வந்தவர்தான் உண்மையான அழகிய மணவாளர் என்று எப்படி நம்புவது?

தேடியதில் ஒரு முதியவர் கிடைத்தார். பெருமாளின் ஆடைகளைத் துவைத்துக் கொடுக்கும் ஈரங்கொல்லி குலத்தைச் சேர்ந்தவர். வயது மிகவும் முதிர்ந்து கண் போய்விட்டது. பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து அந்த ஈர ஆடைகளைத் தனித்தனியே கொண்டுவரச் சொன்னார். பிழிந்த நீரை வாயில் விட்டுப் பார்த்தார். இளமையில் தினமும் கையில் அளைந்த வாசம். புனுகும் கஸ்தூரியும் பல காலம் ஊறிய வாசம். ‘இவரே நம்பெருமாள்’ என்றாராம்.

அன்று முதல் அழகிய மணவாளர் நம்பெருமாள் ஆனார். ஆசாரியர் சூட்டிய பெயரன்று, அரசர் சூட்டிய பெயரன்று. வண்ணார் ஒருவர் வாயிலிருந்து வந்த பெயர். இடைக்காலத்தில் பூசை ஏற்றவரையும் கோயில் ஒதுக்கவில்லை. இத்தனை நாள் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அல்லவா? அவர் திருவரங்க மாளிகையார் ஆனார். இன்றும் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவரே. பழைய தாயார் கிடைத்தபோதும் இதே முடிவுதான்: இருவரும் சந்நிதியில் இருக்கட்டும்.

தேர் மீண்டும் நகர்ந்தது

பெருமாள் திரும்பிவிட்டார், ஆனால் திருநாள் நடத்த வழியில்லை. தேர் இல்லை, மண்டபங்கள் சிதைந்து கிடந்தன, கோயில் நிலங்கள் யார் கையிலோ இருந்தன. 12 ஆண்டுகள் இப்படிப் போயின. 1383-இல் விசயநகர இளவரசர் விருப்பண்ண உடையார் வந்தார். துலாபாரம் ஏறினார். திருப்பணிக்கு 17,000 பொன்னும் 52 கிராமங்களும் கொடுத்தார் என்பது கோயில் வழக்கு. 1323-க்குப் பின் அறுபது ஆண்டு நின்று போயிருந்த சித்திரைத் திருநாள் அவர் முயற்சியில் மறுபடி நடந்தது. அதனால் அதற்கு ‘விருப்பன் திருநாள்’ என்றே பெயர். இன்றைய அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். தைத் தேருக்கும் ஒரு விசயநகர இளவரசரின் பெயர் உண்டு: பூபதி திருநாள்.

சித்திரைத் தேரன்று விடிவதற்கு முன்பே சுற்றுவட்டாரக் கிராமங்கள் திருவரங்கத்தில் வந்து இறங்கிவிடும். அறுவடை நெல்லும் மாங்காயும் வாழைத்தாரும் தோளில் இருக்கும். சிலர் கன்றுக்குட்டியைப் பிடித்து வருவார்கள். வடத்தைத் தொட்டு இழுக்க வேண்டும் என்பதுதான் குறி. நான்கு சித்திரை வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். உடையார் கொடுத்ததாகச் சொல்லும் அந்த 52 கிராமங்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று அவர்களில் பலர் சொல்லிக்கொள்வார்கள். விருப்பண்ணர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தேர் எந்த நாழிகையில் புறப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

விசயநகரத்தார் பழுது பார்த்ததோடு நிற்கவில்லை. வெளிச் சுற்றுக்கு வானளாவிய கோபுரங்கள் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கு வாசலில் தொடங்கிய கோபுரம் அடித்தளத்தோடு நின்று, நூற்றாண்டுகள் ‘மொட்டைக் கோபுரம்’ என்று பெயர் வாங்கி, 1987-இல் 236 அடி உயர ராஜகோபுரமாக நிமிர்ந்த கதை அடுத்த இதழில்.